கீற்றிலிருந்து கருங்கல்லுக்கு: ரமணாசிரமக் கட்டடங்களின் வளர்ச்சி

திருவண்ணாமலையின் கட்டடக்கலை என்றாலே ஆய்வாளர் பார்வை அண்ணாமலையார் கோயிலில் போய் நிலைத்துவிடுகிறது. 217 அடி ராஜகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் தொடங்கினார். தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தார். அங்கிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளி, செங்கம் சாலையில் பாலி தீர்த்தத்தை ஒட்டி நிற்கும் ரமணாசிரமக் கட்டடங்கள் அந்த அளவு ஆராயப்படவில்லை. அவை எந்த வரிசையில் எழுந்தன என்பதே தனி வரலாறு.

1922 மே 19 அன்று ரமணரின் தாயார் அழகம்மாள் மலைமேல் உள்ள கந்தாசிரமத்தில் காலமானார். உடலை எரிக்காமல், துறவியருக்குரிய முறைப்படி மலையடிவாரத்தில் அடக்கம் செய்து மேலே லிங்கம் வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ரமணர் மலையிலிருந்து இறங்கி அங்கேயே தங்கிவிட்டார். சமாதிக்கு மேல் ஒரு கீற்றுக் கொட்டகை. 1924 வாக்கில் மேலும் இரண்டு குடிசைகள். ஆசிரமத்தின் தொடக்கம் இவ்வளவுதான்.

1928 அளவில் எழுந்த பழைய ஹாலில் ரமணர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்தார். 1934இல் ரமணரைப் பற்றிப் பேசும் பால் பிரண்டனின் நூல் வெளிவந்தபின் உலகம் தேடி வந்தது இந்த எளிய கூடத்தைத்தான். மலையிலிருந்து இறங்கும் வெள்ளத்தைத் தடுக்கும் கற்கட்டு, கோசாலை, சமையற்கூடம், உணவுக்கூடம் ஆகிய பணிகளை 1930களில் முன்னின்று நடத்தியவர் ரமணரின் சீடர் அண்ணாமலை சுவாமி. கோசாலை பற்றி அவர் நினைவுகூர்வது முக்கியமான சான்று. நிர்வாகியான சின்னசுவாமி சிறிய கொட்டகை போதும் என்றார். ரமணரோ பெரிதாகக் கட்டச் சொன்னார். ஆசிரமப் பசு லட்சுமிக்கு இடம் அமைந்தால் அந்தப் புண்ணியமே உணவுக்கூடத்தையும் பிற கட்டடங்களையும் கொண்டுவரும் என்பது ரமணரின் எண்ணம். மாட்டுக்கு முதலில், மனிதருக்குப் பிறகு. ஆசிரமத்தின் கட்டுமான வரிசையை இதைவிடத் தெளிவாக விளக்கும் குறிப்பை நான் கண்டதில்லை.

கருங்கல் பின்னால்தான் வந்தது. தாயின் சமாதிமேல் கோயில் எழுப்ப 1939 செப்டம்பர் 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது; 1896இல் ரமணர் இவ்வூருக்கு வந்து சேர்ந்த அதே தேதி. வைத்தியநாத ஸ்தபதி ஆகம முறையில் சமைத்த இக்கோயிலுக்கு 1949 மார்ச் 17 அன்று குடமுழுக்கு. அடக்கத்துக்கும் குடமுழுக்குக்கும் இடையே ஏறத்தாழ 27 ஆண்டுகள்.

இறைவனின் பெயர் மாத்ருபூதேஸ்வரர். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்கும் இதுவே வடமொழிப் பெயர். அங்கே ஈசன் தாயாகி வந்தான்; இங்கே தாய் ஈசனானாள். ஒரே சொல் இரு திசையிலும் பொருள் தருகிறது. அதிஷ்டானம் எனப்படும் துறவியர் சமாதி ஒன்று முழுக் கோயிலாக வளர இந்தப் பெயரே வழி திறந்தது என்பது என் கருத்து.

கோயிலுக்கு முன்னே எழுந்த புதிய ஹாலில் ரமணருக்கென ஒரே கல்லில், மரக்கட்டில் போலவே செதுக்கிய ஆசனம் இருக்கிறது. இழைத்த மரமென்று கை தொட்டுப் பார்த்தபின்தான் கல் என்று தெரியும். அதில் அவர் அமர்ந்தது சில மாதங்களே. 1950 ஏப்ரல் 14 இரவு, நிர்வாண அறை என இன்று அழைக்கப்படும் சிறு அறையில் அவர் மறைந்தார்.

அவரைப் பழைய ஹாலுக்கும் தாயின் கோயிலுக்கும் நடுவே அடக்கம் செய்தார்கள். அந்தச் சமாதியும் கீற்றுப் பந்தலில்தான் தொடங்கியது. தாமரைமேல் லிங்கம் அமைந்த இன்றைய மண்டபத்துக்குக் குடமுழுக்கு நடந்தது 1967 ஜூன் 18 அன்று.