பார்பரா குக்: இரு பிறவிப் பாடகி

பார்பரா குக் (25 அக்டோபர் 1927 – 8 ஆகஸ்ட் 2017) அமெரிக்க இசை நாடக நடிகை, காபரே பாடகி. 1950களில் நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் கதாநாயகியாகப் பெயர் வாங்கினார். 1970களின் தொடக்கத்தில் மேடையை இழந்தார். 47ஆவது வயதில் தனிக் கச்சேரிப் பாடகியாகத் திரும்பி வந்து, எண்பது வயதைத் தாண்டியும் பாடினார். முன்பாதியிலும் பின்பாதியிலும் விமர்சகர்கள் அவரைக் கொண்டாடினார்கள், ஆனால் ஒரே காரணத்துக்காக அல்ல. முதலில் அவர்கள் மெச்சியது சாரீரத்தை. பிறகு மெச்சியது, பாட்டின் சொல்லை அவர் நம்பவைத்த விதத்தை.

காபரே என்றதும் நம்மவர்களுக்கு 1970களின் திரைப்படங்களில் வில்லனின் கூடாரத்தில் நடக்கும் மினுமினுப்பு ஆட்டம்தான் நினைவுக்கு வரும். நியூயார்க்கில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. சிறிய அறை, மங்கிய விளக்கு, ஒரு பியானோ, மேசைகளைச் சுற்றி நூறு பேருக்குள் ரசிகர்கள், கைக்கெட்டும் தூரத்தில் பாடகர். பெரிய அரங்கில் மறைந்துவிடும் பொய் அங்கே மறையாது. கண்ணிமை அசைவதுகூட முதல் மேசைக்காரருக்குத் தெரியும்.

இளமை

ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில் பிறந்தார். தந்தை ஊர் ஊராகப் போய்த் தொப்பி விற்றவர். தாய் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். குழந்தைப் பருவத்திலேயே தங்கையைப் பறிகொடுத்தார். அந்தச் சாவுக்குத் தானே காரணம் என்ற எண்ணம் நெடுங்காலம் தன்னை அரித்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெற்றோர் பிரிந்தனர். பள்ளி முடித்துச் சில ஆண்டுகள் தட்டச்சுப் பணி. 1948இல் தாயோடு நியூயார்க் பார்க்கப் போனவர், ஊர் திரும்பும் நாள் வந்தபோது தாயை மட்டும் அனுப்பிவைத்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்.

1950இல் 'புளூ ஏஞ்சல்' என்னும் இரவு விடுதியில் பாட இடம் கிடைத்தது. பிராட்வே நட்சத்திரம் முதுமையில் காபரேக்கு வந்தார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் அவர் கால் பதித்த முதல் மேடைகளில் ஒன்றே அதுதான்.

பீங்கான் தட்டுப் பெண்

1951 மே மாதம் 'ஃபிளஹூலி' என்ற இசை நாடகத்தில் பிராட்வேக்கு அறிமுகமானார். நாடகம் 40 காட்சிகளில் படுத்துவிட்டது. பிறகு 'ஒக்லஹோமா', 'கேரோசல்' மறுமேடையேற்றங்கள். 1955இல், பென்சில்வேனியாவில் ஆமிஷ் என்னும் கிறித்தவச் சமூகத்தாரிடையே நடக்கும் 'பிளெய்ன் அண்ட் ஃபேன்சி' நாடகத்தில்தான் விமர்சகர்களின் கண் அவர்மேல் நின்றது. அக்காலத்தின் செல்வாக்குள்ள நாடக விமர்சகர் வால்டர் கெர், நீலமும் வெள்ளையுமான டச்சுப் பீங்கான் தட்டின் சித்திரத்திலிருந்து நேரே எழுந்து வந்தவர் இவர் என்றும், பார்க்கும் நேரமெல்லாம் சுவையானவர் என்றும் எழுதினார். புகழ்ச்சிதான், சந்தேகமில்லை. ஆனால் விருந்து மேசையில் பலகாரத்தைப் புகழும் மொழி அது. அந்தப் பத்தாண்டில் இளம் நடிகைகளுக்குக் கிடைத்த பாராட்டில் பெரும்பங்கு இந்த வகைதான்.

அதைக் கொஞ்சம் அசைத்தது 'கேண்டீட்'. வால்டேரின் நாவலை லிலியன் ஹெல்மன் நாடகமாக்க, லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்து, டைரோன் கத்ரி இயக்கினார். 1956 டிசம்பர் 1 அன்று அரங்கேற்றம். குனெகோண்டே என்ற பாத்திரத்துக்காக பெர்ன்ஸ்டைன் எழுதிய 'கிளிட்டர் அண்ட் பி கே' பாட்டு, ஓபரா நாயகிகளின் கண்ணீரைக் கேலி செய்வது. கெட்டுப்போன தன் நிலையை எண்ணி அழுதுகொண்டே அவள் நகைகளை ஒவ்வொன்றாக அணிந்துகொள்கிறாள். அழுகை சிரிப்பாகிறது, சிரிப்பு உச்சஸ்தாயிக்கு ஏறிச் சிதறுகிறது. ஓபராவைக் கேலி செய்ய வேண்டுமென்றால் முதலில் ஓபரா பாடகியைப்போலப் பாடத் தெரிய வேண்டும். ஓபரா மேடையையே அறியாத அட்லாண்டா தட்டச்சுப் பெண், வாரம் முழுவதும் அந்த உச்சங்களைத் தொட்டார்.

நாடகத்தைப் பற்றி விமர்சகர்கள் இரண்டுபட்டார்கள். நியூயார்க் டைம்ஸின் புரூக்ஸ் அட்கின்சனுக்குப் பிடித்திருந்தது. கெரோ, மூன்று மேதைகள் சேர்ந்து உண்டாக்கிய கண்கவர் பேரழிவு என்ற பொருளில் எழுதினார். 73 காட்சிகளோடு திரை விழுந்தது. ஆனால் மூல நடிகர்களின் இசைத்தட்டு வெளியாகி, மேடையில் தோற்ற நாடகத்துக்கு ரசிகர்களைத் தேடித்தந்தது. பின்னாளில் அந்தப் பாட்டைப் பாட வந்த ஓபரா பாடகிகளுக்கெல்லாம் முன்னே குக்கின் பதிவு இருந்தது.

அடுத்த ஆண்டு வந்தது பெரிய வெற்றி. மெரடித் வில்சனின் 'தி மியூசிக் மேன்' 1957 டிசம்பர் 19இல் தொடங்கி 1,375 காட்சிகள் ஓடியது. ஊரை ஏய்க்க வந்த விற்பனைக்காரனாக ராபர்ட் பிரெஸ்டன். அவனை நம்ப மறுக்கும் நூலகர் மேரியனாக குக். பிராட்வே நாடகங்களுக்கு வழங்கப்படும் டோனி விருதுகளில் துணை நடிகைக்கானது 1958இல் கிடைத்தது. 'டில் தேர் வாஸ் யூ' என்ற பாட்டை பீட்டில்ஸ் குழு 1963இல் பாடியதைக் கேட்டவர்கள் உலகெங்கும் உண்டு. அந்தப் பாட்டு மேடையில் முதலில் ஒலித்தது குக்கின் குரலில்தான். 1962இல் நாடகம் படமானபோது மேரியன் வேடம் ஷெர்லி ஜோன்ஸுக்குப் போனது. ஹாலிவுட்டுக்குத் தெரிந்த முகம் தேவைப்பட்டது.

பாராட்டும் பாழும்

1963 ஏப்ரல் 23 அன்று அரங்கேறிய 'ஷி லவ்ஸ் மீ', இந்த வரலாற்றில் தனியாகப் பேசவேண்டிய நாடகம். மிக்லோஷ் லாஸ்லோ எழுதிய ஹங்கேரிய நாடகமே மூலம். 1998இல் வந்த 'யூவ் காட் மெயில்' படத்துக்கும் வேர் அதுவே. ஒரே வாசனைத் திரவியக் கடையில் வேலை செய்து, முகம் பார்த்தாலே சண்டை போடும் இருவர், பெயர் தெரியாமல் கடிதத்தில் காதலிக்கிறார்கள். இசை ஜெர்ரி பாக், பாடல் ஷெல்டன் ஹார்னிக், இயக்கம் ஹால் பிரின்ஸ். 'வனிலா ஐஸ்கிரீம்' பாட்டில், குக் நடித்த அமாலியா தன் காதலனுக்குக் கடிதம் எழுத உட்காருகிறாள். எழுத எழுத, சற்றுமுன் ஐஸ்கிரீம் வாங்கிவந்து நலம் விசாரித்த எதிரியின் நினைவே குறுக்கே வருகிறது. பேச்சும் பாட்டும் மாறிமாறி வந்து, அவளுக்கே புரியாத மகிழ்ச்சியில் குரல் திடீரென்று உச்சத்துக்குத் தாவுகிறது. இங்கே உச்ச ஸ்வரம் வித்தைக்காக வரவில்லை, மனம் வாய்விட்டுச் சொல்ல மறுப்பதைச் சொல்ல வருகிறது. பிற்காலக் குக் முழுவதும் இந்த ஒரு பாட்டில் விதையாக இருக்கிறார் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

விமர்சகர் நார்மன் நேடல், இன்றைய இசை நாடகத்தின் மிகச் சிறந்த குரல்களில் ஒன்று இது என்றார். பாத்திரத்தின் துடிப்பும் உறுதியும் அக்குரலிலேயே தெரிவதாகவும் எழுதினார். பீங்கான் தட்டிலிருந்து ஒரு படி மேலே வந்தாயிற்று. ஆனால் 302 காட்சிகளில், 1964 ஜனவரி 11 அன்று நாடகம் நின்றது. ஐந்தே நாள் கழித்து 'ஹலோ டாலி' ஆரவாரமாகத் தொடங்கியது. மார்ச்சில் 'ஃபன்னி கேர்ள்'. கேரல் சேனிங், பார்பரா ஸ்ட்ரைசாண்ட் என்று அரங்கை அதிரவைக்கும் நாயகிகளின் காலம் அது. சிறந்த நடிகைக்கான அவ்வாண்டு டோனி பரிந்துரைப் பட்டியலில் குக்கின் பெயரே இல்லை.

பிறகு சரிவுதான். 'சம்திங் மோர்' 15 காட்சிகள் ஓடியது. 1952இல் டேவிட் லெக்ராண்டோடு நடந்த திருமணம் 1965இல் முறிந்தது. 1971இல் 'தி கிராஸ் ஹார்ப்' ஏழே காட்சிகளில் மூடப்பட்டது. மனச்சோர்வும் குடியும் சேர்ந்துகொண்டன, உடல் பருத்தது. நாற்பதைத் தாண்டிய, பருத்த நாயகிக்கு எழுதப்பட்ட வேடம் பிராட்வேயில் எதுவும் இல்லை. நல்ல விமர்சனங்களை வெட்டி ஒட்டிய ஏடு வாடகை கட்டாது என்பதை அந்த ஆண்டுகளில் அவர் கண்டார்.

இரண்டாம் பிறவி

1970களின் நடுவில் பியானோ கலைஞரும் இசைத் தொகுப்பாளருமான வாலி ஹார்ப்பரின் துணை கிடைத்தது. சிறிய விடுதியொன்றில் இருவரும் சேர்ந்து நிகழ்ச்சி நடத்தினர். பழைய ரசிகர்கள் தேடி வந்தனர். 1975 ஜனவரி 26 அன்று கார்னகி ஹாலில் தனிக் கச்சேரி. பீங்கான் தட்டுப் பெண்ணை நினைத்து வந்தவர்கள் எதிரே, அகன்ற உடையில் ஒரு நடுவயதுப் பெண் நின்றார். உடல் பருமனைப் பத்திரிகைகள் எழுதாமல் விடவில்லை. அதே பத்திரிகைகள்தான், குரல் அழியவில்லை, ஆழப்பட்டிருக்கிறது என்றும் எழுத வேண்டிவந்தது. நேரடிப் பதிவு இசைத்தட்டாக வந்தது. குடி உடனே நிற்கவில்லை. அதை விட மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. ஹார்ப்பருடனான கூட்டணி 2004 அக்டோபரில் ஹார்ப்பர் இறக்கும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது.

இந்தக் காலத்தில் விமர்சன மொழியே மாறியது. ஸ்வரம், சுருதி, எட்டுக்கட்டை என்று பேசியவர்கள் உண்மை, வலி, நிதானம் என்று பேசத் தொடங்கினர். இதில் குரல் நுட்பம் இல்லாமல் இல்லை. வயதுக்கேற்பச் சுருதியைக் குறைத்துக்கொண்டார். மெட்டை வளைத்து அலங்கரிக்கும் ஜாஸ் பாடகிகளின் வழிக்கு அதிகம் போகவில்லை. பேச்சுக்கு அருகில் தொடங்கி, மெய்யெழுத்துகள் மழுங்காமல், வாக்கியத்தை ஒரே மூச்சில் அதன் பொருள் முடியும் இடம்வரை கொண்டுபோனார். நம் இசை மொழியில் சொன்னால், ராகத்தை விரிப்பவர் அல்லர். சாகித்யத்தை நிறுத்திப் பார்ப்பவர்.

இதற்கு நல்ல சான்று, 1985 செப்டம்பரில் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு நடந்த 'ஃபாலிஸ்' கச்சேரி. இசையமைப்பாளர் ஸ்டீபன் சொண்ட்ஹைமின் அந்த இசை நாடகத்தில் சாலி, பழைய காதலை மறக்க முடியாத நடுவயது மனைவி. 'இன் படீஸ் ஐஸ்' பாட்டில் கணவனின் பார்வையில் தான் இன்னும் இளமையானவள் என்று பெருமை பேசுகிறாள். குக் பாடும்போது அந்தப் பெருமைக்கு அடியில் ஓடும் பொய், குரல் எங்குமே நடுங்காமல் காதில் விழுகிறது. 'லூசிங் மை மைண்ட்' பாட்டிலும் கதறல் கிடையாது. பைத்தியத்தை அன்றாடக் கணக்குபோலச் சொல்லிப் போகிறார். எலைன் ஸ்டிரிச், கேரல் பர்னெட் போன்றோர் அணிவகுத்த மேடையில், சொண்ட்ஹைமைப் பாடுவோரின் முன்வரிசையில் அவருக்கு நிலையான இடம் தந்தது அந்தக் கச்சேரி.

கதைநாடகத்துக்குத் திரும்பும் முயற்சி ஒன்று மட்டும் பிசகியது. 1988இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, இங்கிலாந்தின் ஸ்டிராட்ஃபர்டில் அரங்கேற்றிய 'கேரி' இசை நாடகத்தில் தாய் வேடம். அங்கே அரங்கப் பொருள் ஒன்று தலையைப் பதம் பார்க்கத் தவறியது நூலிழையில். விலகுவதாகச் சொல்லி, ஸ்டிராட்ஃபர்ட் காட்சிகளை மட்டும் முடித்துக்கொடுத்தார். பிராட்வேயில் அது ஐந்து காட்சிகளில் கவிழ்ந்து, படுதோல்விக்கு மறுபெயரானது. நேரத்தோடு இறங்கிக்கொண்டது அவரது அதிர்ஷ்டம்.

உச்சப் புகழ்ச்சி

நியூயார்க் டைம்ஸில் காபரே உலகைப் பல பத்தாண்டுகள் கவனித்து எழுதிய ஸ்டீபன் ஹோல்டன், குக்கின் நிகழ்ச்சிகளைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்தார். லண்டன் பைனான்சியல் டைம்ஸின் அலஸ்டர் மெக்காலே இன்னும் துணிந்தார். உலகின் தலைசிறந்த பாடகி என்றே அவரைக் குறிப்பிட்டு, இசையின் கட்டமைப்பை உணர்வதில் ஓபரா பாடகி மரியா காலஸுக்குப் பிறகு இவருக்கு இணையானவர் உண்டா என்று கேட்டார். மெல்லிசைக்காரி ஒருவரைச் செவ்வியல் அளவுகோலால் அளந்தது மிகை என்று தோன்றலாம். எனினும் அந்த ஒப்பீட்டில் ஒரு நியாயம் உண்டு: காலஸையும் ரசிகர்கள் குரலின் இனிமைக்காக மட்டும் கேட்கவில்லை.

2001இல் தொடங்கிய 'மோஸ்ட்லி சொண்ட்ஹைம்' நிகழ்ச்சி கார்னகி ஹால், லண்டன், பிராட்வே என்று பயணித்தது. 2006 ஜனவரி 20 அன்று மெட்ரோபாலிடன் ஓபரா தன் மேடையில் அவருடைய தனிக் கச்சேரியை நடத்தியது. மெல்லிசைப் பாடகி ஒருவருக்கு அந்நிறுவனம் அப்படி மேடை தந்தது அதுவே முதல்முறை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓபராவைக் கேலி செய்து பாடியவர் ஓபராவின் வாசல் வழியாகவே நுழைந்தார். 2010இல் 'சொண்ட்ஹைம் ஆன் சொண்ட்ஹைம்' நிகழ்ச்சிக்காக, 82 வயதில், மீண்டும் டோனி பரிந்துரை. 2011இல், கலைஞர்களின் வாழ்நாள் பணிக்காக வழங்கப்படும் கென்னடி மைய விருது.

கடைசி இருபது ஆண்டுகளின் விமர்சனங்களைச் சற்றுக் கவனமாகவே படிக்க வேண்டும். எழுபதாம் பிறந்தநாள், எண்பதாம் பிறந்தநாள் என்று கச்சேரிகள் வந்தபோது பாராட்டோடு வணக்கமும் கலந்தது. எது குரலுக்கு, எது வயதுக்கு என்று பிரிப்பது எளிதன்று. உட்கார்ந்து பாடிய நாட்களிலும் சொல் மட்டும் தேயவில்லை.

இளம் பாடகர்களுக்கு அவர் நடத்திய வகுப்புகளும் பேசப்பட்டவை. குரலைக் காட்டவந்த மாணவரை நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, பார்வையாளரிடம் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை, நீயே போதும் என்ற கருத்தை வெவ்வேறு விதமாகச் சொல்வார். பாட்டை மெல்லச் சொல்லிப் பாரென்பார். மறுமுறை அதே மாணவர் பாடும்போது அறை அமைதியாகிவிடும்.

2016இல் 'தென் அண்ட் நவ்' என்ற தன்வரலாறு வெளிவந்தது. குடியையும் மனச்சோர்வையும் மறைக்காமல் எழுதியிருந்தார். 2017இல் ஓய்வை அறிவித்து, அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கில் தன் வீட்டில் காலமானார். பிராட்வே அரங்குகளின் முகப்பு விளக்குகள் அவருக்காகத் தணிக்கப்பட்டன. புதிதாகக் கேட்க வருபவர் 1963ஆம் ஆண்டு 'ஷி லவ்ஸ் மீ' தட்டையும் 1985ஆம் ஆண்டு 'ஃபாலிஸ்' பதிவையும் எடுத்துக்கொள்ளலாம். முதலில் எதைக் கேட்பது என்பதில் ரசிகர்களிடையே இன்றும் சண்டை உண்டு.