அப்பாரு துப்பாக்கிக்கு ஒரு பீரோ

அப்பாரு காலத்துல எங்க துப்பாக்கி உள்வாசல் சுவத்துல, ரெண்டு மர முளை மேல கிடக்கும். குழல் வாய்வழியா மருந்து போட்டுக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. கடலைக்காட்டுல இறங்குற காட்டுப்பன்னியை விரட்டறதுக்கான லைசென்சு. ராத்திரி எழுந்ததும் கைக்கு எட்டணும், அவ்வளவுதான் அவர் கணக்கு. லைசென்சு என் பேருக்கு வந்த பிறகும் நான் இடத்தை மாத்தலை.

ஒருநாள் அக்கா மகன், ஏழு வயசு, கடலை மூட்டை மேல ஏறி அதை எடுத்துட்டான். முந்தின ராத்திரி நான் கெட்டிச்ச மருந்து உள்ளேயே இருந்தது. விசையை இழுத்தான். 'டக்'னு சத்தம் மட்டும். கேப்பு மாட்டாததால தப்பிச்சோம். தப்பு முழுக்க என்னோடது.

அதுக்கப்புறம்தான் சட்டங்களைத் தேடிப் படிச்சேன். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட சில வாரத்தில், 1801 டிசம்பரில், கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்சீமை மக்கள் ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டார். 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்சைக் கட்டாயமாக்கியது. வெள்ளைக்காரர்களுக்கும் குடகர்களுக்கும் விலக்கு இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1959-ல் வந்த சட்டத்தில், பயிரைக் காக்க நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்ள விவசாயிக்குத் தனியாகவே இடம் உண்டு. எல்லாத்திலும் பெரிய கேள்வி 'யார் வைத்திருக்கலாம்' என்பதுதான். பத்திரமா வெச்சுப்பேன்னு லைசென்சுதாரர் உறுதிமொழி எழுதித் தரணும்னு சொன்னது 2016 விதிகள். எங்க வீட்ல அந்தப் புத்தி வர ஒரு புள்ளை மூட்டை மேல ஏற வேண்டியிருந்தது.

பீரோ வாங்கப் போனப்ப துணி வைக்கிற பீரோவைத்தான் காட்டினாங்க. அந்தத் தகடு ஒரு கடப்பாரைக்குத் தாங்காது. பட்டறையில சொல்லி, கனமான தகட்டுல, துப்பாக்கி நிக்கிற உயரத்துக்கு ஒடுக்கமா அடிக்கச் சொன்னேன். கீல் உள்பக்கம். பின்பக்கம் நாலு போல்ட்டு, சுவத்தோட இறுக்கியாச்சு. தூக்கிட்டுப் போக முடியாது.

கரிமருந்தும் கேப்பும் அதுக்குள்ள கிடையாது. இறுக்கமான இரும்புப் பெட்டிக்குள்ள மருந்து இருந்து, வீடு தீப்பிடிச்சா அது வெடிகுண்டு. அதனால வேற அறையில, தனித்தனி மரப்பெட்டியில, பூட்டுப் போட்டு வெச்சிருக்கேன். சுட்ட பிறகு குழல்ல தங்குற கரி ஈரத்தை இழுத்துத் துருவேத்தும். கழுவி, காயவெச்சு, எண்ணெய் தடவித்தான் உள்ளே வைக்கணும். மருந்து கெட்டிச்சபடி வைக்கவே கூடாது.

"பன்னி வந்தா பூட்டைத் திறக்கிறதுக்குள்ள காடே காலியாயிரும்"னு பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சிரிச்சார். ரெண்டு பாத்தி கடலை போனா போகட்டும்ங்கண்ணா, அடுத்த வருசம் போட்டுக்கலாம்னேன்.

தேர்தல் அறிவிச்சா துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க. அது வீட்ல இல்லாத அந்த நாள்கள்ல நல்லாத் தூங்குவேன். மத்த நாளும் அப்படித் தூங்கத்தான் இந்தப் பீரோ. சாவி என் அரைஞாண்கயித்துல இருக்கு.