பால்மா வரிசையும் குரக்கன் பிட்டும்



2022இல் பால்மாவுக்காகக் கடை வாசலில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்க ஒரு பக்கெற் கிடைக்கவில்லையே என்று எத்தனை உம்மாமார் கலங்கினார்கள்!

ஆனால் நமது உம்மும்மாமார் பிள்ளை வளர்த்தது பால்மாவை நம்பியல்ல. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகுதான் இறக்குமதிப் பால்மா வீடு வீடாகப் பரவியது. அதற்கு முன் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் இருந்தது. சேனையில் விளைந்த குரக்கனும் எள்ளும் இருந்தன. வேலியோரம் முருங்கையும் அகத்தியும் நின்றன. 1970களில் அரிசியும் மாவும் தட்டுப்பட்டபோது குரக்கனும் மரவள்ளியும்தான் நாட்டுக்குக் கைகொடுத்தன.

100 கிராம் பசும்பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அதே அளவு குரக்கன் மாவில் 340 அளவில் இருக்கிறது. எள்ளில் 900க்கும் மேல்.

ஆனாலும் கணக்கை நேர்மையாகப் பார்ப்போம். நாம் ஒரு நேரத்தில் குடிக்கும் பால் அதிகம், தின்னும் எள் கொஞ்சம். பாலின் கல்சியத்தில் மூன்றிலொரு பங்களவு உடலில் சேரும். குரக்கனில் உள்ள பைற்றேற்றும் சில கீரைகளில் உள்ள ஒட்சலேற்றும் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குரக்கனை ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் அந்தத் தடை குறையும். முள்ளோடு தின்னும் நெத்தலியும் நல்ல துணை.

கைக்குழந்தைக்கு மட்டும் இவை தாய்ப்பாலுக்கு ஈடாகா. அதை இரண்டு வருடம் கொடுக்க நமது மார்க்கமே சொல்லித் தந்திருக்கிறது.

பால் கிடைத்தால் குடிப்போம். கிடைக்காத நாளில் பிள்ளையின் எலும்பு கப்பலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. வேலியில் ஒரு முருங்கைக் கம்பு நடுவோம்.