கபோ புல்மோ தேசியப் பூங்கா

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா சுர் மாநிலத்தில், கலிபோர்னியா வளைகுடாவின் தென்மேற்குக் கரையோரம் உள்ள கடல் காப்பகம். பரப்பு சுமார் 71 சதுர கிலோமீட்டர். வளைகுடாவில் பவளப்பாறை வளர்ந்துள்ள மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று.

அளவுக்கு மீறிப் பிடித்ததில் இங்கே பெரிய மீன்கள் அருகிப் போயின. கடலையே நம்பியிருந்த உள்ளூர்க் குடும்பங்களும் ஆய்வாளர்களும் வலியுறுத்தியதன் பேரில், 1995இல் அரசு இதைப் பூங்காவாக அறிவித்தது. சட்டப்படி முழுத் தடை ஏறத்தாழ 35 சதவீதப் பரப்புக்கு மட்டுமே. ஊர்க்காரர்களோ பூங்கா முழுவதிலுமே மீன்பிடிப்பைக் கைவிட்டார்கள். வெளிப்படகுகள் நுழையாமல் தாங்களே காவலும் இருந்தார்கள்.

1999இல் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 0.75 டன்னாக இருந்த மீன்களின் மொத்த எடை, 2009இல் 4.24 டன்னை எட்டியது. அதாவது 463 சதவீத உயர்வு. களவா, சுறா போன்ற, பிற மீன்களைத் தின்று வாழும் பெரிய இனங்களின் மொத்த எடை ஏறத்தாழ 11 மடங்காகப் பெருகியது. இதைக் கண்டறிந்த ஆய்வின் முடிவுகள் 2011இல் வெளிவந்தன.

களவா மெதுவாக வளரும். சினைப்பருவத்தை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். முட்டையிடக் கூட்டமாகக் கூடும் இடத்தில் வலை விழுந்தால் ஒரே பருவத்தில் அப்பகுதியில் அந்த இனமே நலிந்துவிடக்கூடும். பிடிக்காமல் விட்டால் மீன் பெரிதாகிறது, பெருத்த தாய்மீன் சிறியதைவிடப் பன்மடங்கு முட்டையிடுகிறது. எனவே காப்பகத்தின் பலன் மீன்களின் எண்ணிக்கையில் மட்டுமன்றி அவற்றின் வயதிலும் இருக்கிறது. அதற்குப் பத்தாண்டு பொறுக்க வேண்டியுள்ளது.

463 என்ற எண்ணைப் பலரும் காப்பகங்கள் அனைத்துக்கும் சான்றாகக் காட்டுகிறார்கள். அது சரியல்ல. இதே வளைகுடாவில் 1996இல் அறிவிக்கப்பட்ட லொரேத்தோ விரிகுடாப் பூங்கா பல மடங்கு பெரியது; ஆனால் முழுத் தடைப் பகுதி அதில் மிகச் சிறிது, எஞ்சிய கடலில் மீன்பிடிப்பு தொடர்ந்தது. அங்கே குறிப்பிடத்தக்க மீட்சி தென்படவில்லை. வரைபடத்தில் கோடு போட்டதோடு நின்ற காப்பகங்களின் நிலை பெரும்பாலும் இதுதான்.

வலையைக் கைவிட்ட கபோ புல்மோவினருக்கு முக்குளிப்புச் சுற்றுலா பிழைப்பானது. 2005இல் கலிபோர்னியா வளைகுடாத் தீவுகளோடு சேர்த்து இதுவும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பூங்காவுக்கு அருகே திட்டமிடப்பட்ட கபோ கோர்த்தேஸ் எனும் பெரும் விடுதி நகரம், கடும் எதிர்ப்புக்குப் பின் 2012இல் அதிபர் ஃபெலிப்பே கால்தெரோனால் ரத்து செய்யப்பட்டது.