டச்சிங் பென்சில் யார் கையில்?

வைத்திக்குப்பம் கடற்கரையில் ஒரு மாசிமகக் காலை. மயிலம் முருகன் முதலாகச் சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும் நாள். கூட்டத்தை விட்டு விலகி, கரையேற்றியிருந்த ஒரு படகின் நிழலில் ஆயாவும் பேத்தியுமாக இருவர் உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பேத்தி, செல்போனை ஆயாவின் முகத்துக்கு நேராகப் பிடித்து எதையோ தட்டினாள். திரையில் ஆயாவின் தாடை அகன்றது. உதட்டுக்கு மேல் வெள்ளை மீசை முளைத்தது.

"யார்றி இவன்?" என்று கேட்ட ஆயா, போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எங்கப்பன் மாதிரியே கீறான்டி."

அந்த அப்பாவுக்குப் படமே கிடையாது. அவர் கடலோடு போனபோது ஆயாவுக்கு எட்டு வயது. கட்டுமரக்காரர் ஒருவர் ஸ்டுடியோவுக்குப் போய் உட்காரும் காலம் அப்போது குப்பத்துக்கு வந்திருக்கவில்லை.

"பொண்ணுங்களுக்கு எந்நேரமும் போன்தான்" என்ற புலம்பலை ஆசிரியர் அறைகளில் தினமும் கேட்கிறேன். நாய்க்காது வைப்பதும், ஆணாக மாறுவதும், பின்னணியை வெட்டிவிட்டு நிலாவில் நிற்பதும் வெட்டி வேலை என்கிறார்கள். இந்த விளையாட்டுக்கு நூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் பெண்களின் பங்கு பெரிது என்பதால்தானோ என்னவோ, அதை வரலாறாக யாரும் எழுதி வைக்காமல் விட்டார்கள்.

ஒளிப்படக்கலை 1839-இல் பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. படத்தை மாற்றும் வேலையும் உடனே தொடங்கிவிட்டது. 1850-களில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், வானம் வெறுமையாக விழுந்த இடங்களில் நெகட்டிவின் மேலேயே மேகங்களைத் தீட்டினார். அது கலைநுட்பம் எனப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் இங்கிலாந்தின் மேல்தட்டுப் பெண்கள், உறவினர்களின் சிறு அட்டைப் படங்களைக் கத்தரித்து, தாங்கள் வரைந்த நீர்வண்ண ஓவியங்களில் ஒட்டினார்கள். கேட் எடித் காஃப் என்பவரின் ஆல்பத்தில் வாத்துகளின் கழுத்தில் சீமாட்டிகளின் தலைகள் இருக்கின்றன. இதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர். இந்த ஆல்பங்களைத் திரட்டி சிகாகோ கலைக் கழகம் ஒரு கண்காட்சி வைத்தது 2009-இல்தான். ஸ்னாப்சாட் 2015-இல் முகத்தில் ஒட்டும் வேடிக்கைகளைக் கொண்டுவந்தபோது, காஃப் அதைப் பார்த்திருந்தால் புதிதாக எதையும் கண்டிருக்கமாட்டார்.

நம் பக்கத்தில் கதை வேறு. பெண்கள் கேமராவைத் தொடும் முன்பே கேமரா பெண்களைப் பிடித்துக்கொண்டது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார், படமெடுத்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் 7 தொகுதிகள் வெளியிட்டார். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியிலோ, நடனப் பெண்களின் படங்கள் 'பயதேர்' என்ற தலைப்போடு அஞ்சலட்டைகளாகிக் கப்பலேறின. படத்தில் முகம் உண்டு. அடியில் தலைப்பும் உண்டு. பெரும்பாலும் அவளுடைய பெயர் மட்டும் இல்லை.

பிறகு ஸ்டுடியோக்கள் வந்தன. காசும் சாதியும் இருந்த வீட்டுப் பெண்கள் முதலிலும், மற்றவர்கள் வெகுகாலம் கழித்தும் அங்கே போனார்கள். வயதுக்கு வந்தபோது, கல்யாணத்தின்போது, வளைகாப்பின்போது. பூத்தைத்த சடை தெரிய வேண்டுமென்று பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து எடுத்த படம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. முகமும் முதுகும் ஒரே சட்டத்துக்குள் விழும் அந்த வித்தையைச் செயலி எதுவும் கற்றுத்தரவில்லை. தம்பியின் பேண்ட் சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்டுடியோக்காரரின் கறுப்புக் கண்ணாடியையும் போட்டு, தீட்டிய திரைக்கு முன்னால் நின்ற அக்காக்களும் உண்டு. அந்த ஐந்து நிமிடத்துக்கு அவள் யாராகவும் இருக்கலாம்.

இத்தகைய படங்கள் பரணிலும் குப்பையிலும் அழிந்துகொண்டிருந்தபோது, 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்படியாக்கியது. வைத்திக்குப்பத்திலிருந்து அரைமணி நேரத்துக்குள் நடந்து போய்விடக்கூடிய தூரத்தில், செயின்ட் லூயி வீதியில் இருக்கிறது அந்த நிறுவனம்.

ஆனால் ஸ்டுடியோவில் விளையாட்டு பெண்ணுடையது என்றாலும் கடைசி வார்த்தை அவளுடையதாக இருக்கவில்லை. படம் எடுத்தபின் நெகட்டிவை வெளிச்சத்தின் மேல் வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் 'டச்சிங்' செய்வார்கள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். அங்கே பென்சில் கறுப்பு ஏற ஏற, பிரிண்டில் முகம் வெளுக்கும். என் அம்மாவின் கல்யாணப் படத்தில் இருப்பவர் என் அம்மாவைவிட நான்கு மடங்கு சிவப்பு. எவ்வளவு வெளுக்க வேண்டும் என்று அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருக்கும் கணவனையும் ஊரிலிருக்கும் மனைவியையும் அருகருகே வெட்டி ஒட்டியதும், இறந்துபோனவரைக் குடும்பப் படத்தில் சேர்த்ததும் அதே டச்சிங் மேசைதான். சைகோனுக்குப் பிழைக்கப் போனவர்கள் நிறைந்த இந்த ஊருக்கு அந்த ஒட்டுவேலையின் அருமை தெரியும். கத்தரிக்கோலும் பென்சிலும் ஆணின் கையில் இருந்தன என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பெண் அதைத் தன் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டியவர் பெங்களூருவைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா என். ஒளிப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை அவர் செய்த படவரிசையில், வேளாங்கண்ணி மாதாவாகவும் ரவிவர்மாவின் லட்சுமியாகவும் அளவுக் கட்டங்களுக்கு முன் நிறுத்தப்பட்ட பழங்குடிப் பெண்ணாகவும் அவரே வேடமிட்டு நின்றார். தர்ஸ்டன் காலத்துப் பார்வைக்கு அவர் கொடுத்த பதில் சிரிப்பு வரவழைப்பது. அந்தச் சிரிப்பில் கோபமும் இருந்தது.

அந்த மேசை இன்று ஒவ்வொரு மாணவியின் கைக்கும் வந்துவிட்டது. துப்பட்டாவை வெட்டி வங்காள விரிகுடாவாக்கி, அதில் ஒரு வஞ்சிரத்தை நீந்தவிட்டிருந்தாள் என் வகுப்புப் பெண் ஒருத்தி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயலிக்குள்ளும் ஒரு ஸ்டுடியோக்காரர் உட்கார்ந்திருக்கிறார். 2017-இல் ஃபேஸ்ஆப் செயலியில் முகத்தைக் கவர்ச்சியாக்குவதாகச் சொன்ன வடிகட்டி, கறுத்த தோலை வெளுக்க வைத்தது. எதிர்ப்பு வந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பயிற்சிக்குக் கொடுத்த படங்களின் சாய்வு அது என்று விளக்கம் சொன்னது. எங்கள் அம்மாக்களின் முகத்தில் ஏறிய பென்சில்தான் இது. வஞ்சிரம் நீந்திய படத்தில் அந்தப் பெண் தன் நிறத்தை மாற்றவில்லை. செயலி தானாக வெளுத்ததைத் தேடிப் போய் அணைத்திருந்தாள். கற்பனைக்குக் கடல் வேண்டும், வெளுப்பு வேண்டாம் என்ற தெளிவு அவளிடம் இருந்தது.

இன்னொரு கத்தரிக்கோலும் இருக்கிறது. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் 21 வயதுப் பெண் ஒருத்தியின் முகத்தை வேறு உடலில் ஒட்டி முகநூலில் பரப்பினார்கள். அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பெண்களுக்குக் கிடைத்த அறிவுரை ஒன்றுதான்: படம் போடாதே. குற்றம் செய்தவனின் போனை யாரும் பிடுங்கச் சொல்லவில்லை. காஃப் வாத்தின் கழுத்தில் தலையை ஒட்டியதும் இவன் ஒட்டியதும் தொழில்நுட்பத்தில் ஒன்றேதான். வேறுபாடு, முகம் யாருடையது, சம்மதம் யாருடையது என்பதில் இருக்கிறது. குற்றவாளியைத் தண்டிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 67, 67ஏ பிரிவுகள் உண்டு. புகார் கொடுத்த அன்றே அவை அசைய வேண்டும் என்று கேட்பது நம் வேலை. அதை விட்டுவிட்டுப் பெண்ணை விளையாட்டிலிருந்து வெளியேற்றினால், அவளுடைய முகத்தை மாற்றும் உரிமை அவளைத் தவிர எல்லோரிடமும் இருக்கும். ஸ்டுடியோ காலத்தில் இருந்தது போலவே.

படகு நிழலில் ஆயா இன்னும் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "எங்கப்பன் இவ்ளோ கெழவன் ஆகலடி. மீசையைக் கருப்பாக்கு" என்றார். பேத்தி கருப்பாக்கினாள். "புருவம் இன்னும் தடி." அதையும் செய்தாள். கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு ஆயா தலையை ஆட்டினார்.

"பிரேம் போட்டு மாட்டிடலாமா ஆயா?"

"மாட்டு. மால மட்டும் போட்டுடாத, அது நான்தான்டி."