விடுகைப் பத்திரமும் தராதரப் பத்திரமும்

பாடசாலையை விட்டு நீங்கும் மாணவனுக்குரிய பத்திரங்கள் இரண்டு. இத்தனை ஆண்டு இருந்தான், இன்ன வகுப்புவரை சித்தியெய்தினான் என்று கூறுவது விடுகைப் பத்திரம். இன்னின்ன பாடங்களிற் பரீட்சை எழுதித் தேறினான் என்று கூறுவது தராதரப் பத்திரம். தொழில் தேடி இடையில் நீங்குவோனுக்கு முன்னையது எளிதிற் கிட்டும். பின்னையதற்கு அவன் உரியவனோ என்ற வினாவுக்கு நீண்ட வரலாறுண்டு.

யாழ்ப்பாணத்தில் இவ்வினா பழையது. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலங் கற்றோர் மிஷன் பணியை விடுத்து உத்தியோகத்தை நாடியமை அதற்குரிய காரணங்களுள் ஒன்று. மானிப்பாயில் வைத்தியங் கற்பித்த கிறீன் 1864இற் போதனாமொழியைத் தமிழாக்கியபோதும், தமிழிற் கற்றோர் கிராமங்களிலே தங்குவர் என்ற எண்ணம் அவரிடமிருந்தது. தொழிலை நாடிச் செல்லும் மாணவனை ஆசிரியர் நொந்துகொள்வது இயல்பே. வீட்டு அடுப்பின் நிலையை அறிந்தவர் அத்துணை எளிதில் நோவாரல்லர். பின்னாளில் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் கந்தோர்களுக்கும் நம்மவர் கப்பலேறியதும் அவ்வடுப்பை எண்ணியேயாம்.

இடையில் நீங்கியோனுக்குப் பெருவாயில் இலண்டனிலே திறந்தது. 1836இல் நிறுவப்பெற்ற இலண்டன் சர்வகலாசாலை, அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியொன்றிற் பயின்றமைக்குச் சான்று காட்டுவோரையே முதலிற் பட்டப் பரீட்சைக்கு ஏற்றது. 1858ஆம் ஆண்டுப் புதிய பட்டயம், வைத்தியம் ஒழிந்த ஏனைத் துறைகளில் அந்நிபந்தனையை நீக்கிற்று. எங்கே படித்தாய் என்று வினவாது, என்ன அறிவாய் என்று மட்டும் வினவும் முறை இங்ஙனம் தோன்றிற்று. பகலில் உத்தியோகமும் இரவில் விளக்கடியிற் படிப்புமாக நம் முன்னோர் பலர் பட்டதாரிகளாயினர். 1921இல் எழுந்த இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரிதானும் 1942வரை இலண்டன் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது.

ஆயினும் விதி சில வேளைகளில் வயதென்னும் வேறோர் உருவில் வந்தது. இங்கிலாந்தில் 1947 முதல் பதினைந்து வயதிற் பாடசாலையை விடலாம் என்றிருந்தது. 1951இல் வந்த பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சைக்கோ பதினாறு நிரம்பவேண்டும் என்றனர். சட்டப்படி நீங்கியவன் சட்டப்படி எழுத இயலாதவனானான். சில ஆண்டுகளில், தலைமையாசிரியர் விதந்துரைப்பின் எழுதலாம் எனத் தளர்த்தினர். வெளியே வேலைக்குப் போய்விட்டவனுக்கு விதந்துரைப்பவர் யார்?

இவ்விடைவெளி நமக்கும் அயலானதன்று. இலங்கையில் 1998 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி விதிகள் ஐந்து முதல் பதினான்கு வயதுவரை உள்ளோரையே கட்டுப்படுத்தின. சாதாரணதரப் பரீட்சையோ பெரும்பாலும் பதினாறு வயதில் வருவது. இடைப்பட்ட இரண்டாண்டுகளிலே கடைக்கும் கடலுக்கும் தோட்டத்துக்கும் போன பிள்ளைகள் எத்துணையர்! கட்டாயக் கல்வி வயது 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 2021இலேயே அதனோடொத்தது.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது யான் மாணவன். என்னோடு பயின்றோருட் பலர் பின்னர் வகுப்பறைக்குத் திரும்பிலர். அவருட் சிலர் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாய் எழுதித் தேறினர். யானும் வெளிவாரியாகவே கலைமாணிப் பட்டம் பெற்றேன்.

பத்தாம் வகுப்போடு நின்று இரும்புக்கடையொன்றில் வேலைக்கமர்ந்த மாணவனொருவன் அண்மையில் என் வீட்டுக்கு வந்தான். மடித்த விடுகைப் பத்திரமொன்று அவன் சட்டைப்பையில் இருந்தது. பரீட்சைக்குத் தானாக விண்ணப்பிக்கலாமோ என்று கேட்டான். ஆம் என்றேன். கட்டணம் எவ்வளவு என்பதே அவனது அடுத்த கேள்வி.