சடுகுடுக் களமும் கல்லூரி அணியும்

ஜூன், ஜூலையில் சேர்க்கை முடிந்ததும் கல்லூரிகளில் அணித் தேர்வு தொடங்கும். இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்ற பேச்சும் அப்போதே கிளம்பிவிடும். திருவண்ணாமலை போன்ற கோயில் நகரத்தில் அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம்? பெரிய மைதானமோ நூற்றாண்டுப் பெருமையோ அங்கே கிடையாது. கலசபாக்கம், செங்கம், போளூர், தண்டராம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகள் ஆடி வளர்ந்த சடுகுடுதான், அதாவது கபடிதான், ஆதாரம். இங்கே கல்லூரி அணியின் பலம் ஊரிலிருந்து வந்தது. அந்தப் பலம் வெளியே போக வழிவிட்டது கல்லூரி. வரலாறும் இதையே காட்டுகிறது.

கல்லூரி விளையாட்டு தமிழ்நாட்டில் சென்னையை மையமாக வைத்தே வளர்ந்தது. 1920-ல் ஹாரி குரோ பக் அங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு சென்றவரும் அவரே. கிரிக்கெட், ஹாக்கி, டென்னிஸ் ஆகியவற்றுக்குப் புல்தரையும் உபகரணமும் சின்ன வயசிலிருந்தே பயிற்சியும் வேண்டும். பழைய நகரக் கல்லூரிகளிடம் அவை இருந்தன. திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரி பிறந்ததோ 1966-ல். தனி மாவட்டம் அமைந்தது 1989-ல். 2002-ல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வரும்வரை இப்பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பல்கலைக்கழக அணியில் இடம் வேண்டுமானால் தலைநகரத்துக் கல்லூரிகளோடுதான் மோத வேண்டியிருந்தது.

கபடியில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. 13 மீட்டருக்கு 10 மீட்டர் மண், சுண்ணாம்புக் கோடு, பக்கத்துக்கு ஏழு பேர்; அவ்வளவு போதும். வேர்க்கடலை பிடுங்கிய கொல்லையில் மண் இளகிக் கிடக்கும். விழுந்தாலும் பெரிதாக அடிபடாது. மூச்சை விடாமல் பாடிக்கொண்டே எதிர்க்களத்துக்குள் நுழைபவன் யார் காலை எடுக்கிறான், யார் பின்வாங்குகிறான் என்று கண்ணாலேயே அளக்கிறான். அவன் கணுக்காலை ஒருவன் பிடித்த நொடியிலேயே மற்றவர்கள் வந்து அடைக்க வேண்டும். பொங்கல் போட்டிகளில் பல வருஷம் ஆடினால்தான் இந்தக் கூட்டு வேகம் உடம்பில் ஏறும். 1950-ல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவாகி, 1990-ல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடி பதக்க ஆட்டமானது. அதோடு கிராமத்துத் திறமைக்குச் சர்வதேச மதிப்பும் வந்தது. 1994-ல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் தென்கோடிக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர்.

கிராமத்துச் சடுகுடு வேறு, போட்டிக் கபடி வேறு என்பார்கள். உண்மைதான். முப்பது நொடிக்குள் பாடி முடித்தாக வேண்டும். போனஸ் கோட்டைக் கணக்கில் வைக்க வேண்டும். மண்ணில் பழகிய கால் செயற்கை விரிப்பில் தடுமாறும். இவற்றைக் கற்றுத்தருவது கல்லூரிதான். ஆனால், கற்றுத்தர விரிப்பும் பயிற்சியாளரும் வேண்டும் என்பதற்குத்தான் இது சான்று. ஊர் தந்த அடித்தளத்தை இது மறுக்கவில்லை. இன்னொரு ஆட்சேபம்: மாணவர்கள் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்காகச் சான்றிதழ் தேடித்தான் ஆடுகிறார்கள். ஆடட்டுமே! குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த பிள்ளைக்குக் காவல்துறையிலோ ரயில்வேயிலோ வேலை கிடைத்தால், அந்த ஊரில் அடுத்த பத்துப் பிள்ளைகள் களத்துக்கு வருவார்கள். ஆட்டம் தழைப்பதும் அப்படித்தான்.

இந்த ஊருக்கே உரிய ஒரு சிரமமும் உண்டு. பல்கலைக்கழகப் போட்டிகள் சூடுபிடிக்கும் கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழையும் பத்து நாள் தீபத் திருவிழாவும் வருகின்றன. லட்சக்கணக்கானோர் கிரிவலம் வரும் நாட்களில் ஊர் முழுவதும் திருவிழாவுக்காகவே இயங்கும். திருவிழாவைக் குறைசொல்லிப் பயனில்லை. கூரையுள்ள ஓர் ஆடுகளம் இருந்தால் மழையிலும் கூட்டத்திலும் பயிற்சி நிற்காது. ஆண்டுத் தொடக்க நம்பிக்கை வெறும் ஆசையாக முடிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் கோப்பைகளை எண்ணுவதோடு நிற்கக் கூடாது. எத்தனை கிராமங்களிலிருந்து புதிய பெயர்கள் அணிப் பட்டியலில் ஏறின, அவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்க வேண்டும். அந்த எண்ணிக்கை கூடினால் கோப்பைக்கான நம்பிக்கையும் நியாயமானதாகும்.